அம்மா கேட்ட போத்தல்

ஸ்ருட்காட்
செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீங்கள் வட்ஸ்அப்பில அனுப்பின குரலை மூண்டு தரம் கேட்டன். முதல் தரம் தனியக் கேட்டன். ரெண்டாந்தரம் மனுசியோட கேட்டன். மூண்டாந்தரம் மனுசி பிள்ளையளைக் கூப்பிட்டு இருத்திவைச்சுப் போட்டுக் காட்டினா. "தம்பிட கையில எந்நேரமும் ஒரு போத்தல் இருக்காம், என்னெண்டு அம்மா கேக்கச் சொன்னவ." அதுக்குப் பின்னால அம்மாட குரலும் வருது: "எல்லாப் படத்திலயும் இருக்கெண்டு சொல்லு."

ஓம், இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வில்ஹெல்மாவில எடுத்த படம் 43. எண்ணிப் பார்த்தன், 38 படத்தில போத்தல் இருக்கு. மிச்சம் அஞ்சும் நான் எடுத்த படங்கள். ஒட்டகச்சிவிங்கியும் போத்தலும், பூமரமும் போத்தலும், கடல்சிங்கம் பாய்ஞ்சு மீன் பிடிக்கிற நேரம் அதை மறைச்சுக்கொண்டு போத்தல். அத்தான் பார்த்தும் ஒண்டும் கேக்கேல்லை, அது அவற்ற பெருந்தன்மை. சித்தப்பாட குடிக் கதை நடந்த வீட்டில அம்மா கேட்டதில ஒரு பிழையும் இல்லை. அதாலதான் போனில சொல்லாமல் எழுதிறன். போனெண்டால் அம்மா அரைவாசியில "சரி சரி, சாப்பிட்டியா" எண்டு முடிச்சிடுவா. கடிதமெண்டால் நீங்கள் வாசிக்க, அவ கடைசிவரை அசையமாட்டா.

முதல்ல இடத்தைச் சொல்லுறன். தெகிவளை மிருகக்காட்சியையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் ஒரே மதிலுக்குள்ள கொண்டுவந்து, ஒரு பெரிய மீன்காட்சியையும் சேர்த்து, நடுவில ஒரு ராசாட தோட்டத்தை வைச்சால் அதுதான் வில்ஹெல்மா. மிருகத்துக்கும் மரத்துக்கும் மீனுக்கும் ஒரே சீட்டு. இப்பிடி எல்லாம் ஒண்டாக இருக்கிற பெரிய இடம் ஜேர்மனியில தங்களிட்ட மட்டும்தான் எண்டு இந்த ஊர்ச்சனம் பெருமை அடிக்கும். 1,000 வகைக்கு மேல உயிரினம், பல ஆயிரம் வகை செடிகொடி. சீட்டின்ர விலையை நான் வழக்கம்போல ரூபாயில பெருக்கினன். மனுசி வழக்கம்போல "பெருக்காதேங்கோ" எண்டு சொன்னா.

இந்த நாட்டுப் பகுதியை ஆண்ட முதலாம் வில்ஹெல்ம் எண்ட ராசாவுக்கு இந்த இடத்தில ஒரு குளியல் மாளிகை கட்ட ஆசை வந்திருக்கு. ஏனெண்டால் கீழ மண்ணுக்குள்ள இருந்து கனிமத் தண்ணி ஊறி வருது. ஐரோப்பாவில புடாபெஸ்டுக்கு அடுத்தபடி கூடுதலா இப்பிடித் தண்ணி வாறது ஸ்ருட்காட்டிலதான். 1842-ல கட்டத் தொடங்கினவை. ராசாவுக்கு மூர் ஆக்களின்ர கட்டடங்களில மோகம், அதால ஸ்பெயின் அல்ஹம்பிரா மாதிரி வளைவும் கோலமுமா, பார்த்தால் ஒரு பள்ளிவாசல் முற்றம் மாதிரி இருக்கும். 1846-ல முடிக்குரிய இளவரசனுக்கும் ரஷ்யச் சக்கரவர்த்தியின்ர மகளுக்கும் கலியாணம் நடக்க, அந்தக் கொண்டாட்டத்தோட திறந்தினம்.

தண்ணிக் கதையை மனுசிக்குச் சொல்ல, அவ "உங்கட கன்னியா மாதிரியோ" எண்டு கேட்டா. மாதிரி எங்க? அங்க ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழு சூடு. அம்மம்மாட அந்தியேட்டிக்குப் போய், நீங்களும் நானும் ஆர் கூடச் சூடான கிணத்துத் தண்ணியை முதல்ல தலையில ஊத்திறது எண்டு போட்டி போட்டு அப்பாட்ட அடி வாங்கினம். அப்பாட அந்தியேட்டிக்கு நான் இஞ்ச நிண்டன்.

சரி, போத்தல். இந்த நாட்டில கடையில தண்ணி வாங்கினால் தண்ணிக்கு ஒரு காசு, அது இருக்கிற பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 சதம் வேற. வெறும் போத்தலைத் திருப்பிக் குடுத்தால் 25 சதமும் திரும்பி வரும். இதுக்குப் பேர் ப்ஃபாண்ட். சொல்லிப் பாருங்கோ. உதட்டை ஒட்டி, காத்தை அடைச்சு, வெடிக்க விடவேணும். முதல் ரெண்டு வருசமும் நான் சொல்லேக்க எதிரில நிக்கிறவன் முகத்தைத் துடைப்பான். 2003-ல தகரப் பேணிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் சட்டமாக் கொண்டுவந்தவை. முந்தி எங்கட சந்திக் கடையில வெறும் சோடாப் போத்தல் குடுத்தால்தான் மற்றச் சோடா தருவினம் எல்லோ, அதேதான். ஆனால் இஞ்ச கடைக்காரர் இல்லை. ஒரு மிசின்.

மிசினுக்குக் கனக்க நிபந்தனை. போத்தல் நசிஞ்சிருக்கக்கூடாது. சுத்தியிருக்கிற லேபிள் கிழிஞ்சிருக்கக்கூடாது. அதில உள்ள கோடுகளை மிசின் வாசிக்கவேணும். வாசிக்கேல்லையெண்டால் போத்தலை வெளிய துப்பும். கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு, அதால மிசினுக்கும் லீவு. நாங்கள் போனது ஈஸ்டர் ஞாயிறு, அடுத்த நாள் திங்களும் பூட்டு. ரயில் ஸ்டேசனில மூத்தவன் தண்ணி கேட்டு அழ, வாங்கிக் குடுத்தன். யூ 14 ட்ராம் வில்ஹெல்மா வாசலுக்கு வாறதுக்கிடையில குடிச்சு முடிச்சிட்டான். காலமை பத்து மணி. கையில வெறும் போத்தல். பக்கத்திலயே குப்பைத்தொட்டி.

எண்பது ரூபாய்க்கு மேல, அக்கா!

பைக்குள்ள வைக்கிறதுதானே எண்டு கேப்பீங்கள். மனுசிட பைக்குள்ள ரோல்ஸ், கட்லட், சின்னவளின்ர மாத்து உடுப்பு, நாலு பேருக்கும் மழைச்சட்டை. அதுக்குள்ள வைச்சால் நசியும். நசிஞ்சால் மிசின் எடுக்காது. அதால கையில வைச்சிருந்தன். இதுதான் முழு விளக்கம். 25 சதத்துக்காக ஒரு மனிசன் எட்டு மணித்தியாலம் ஒரு வெறும் போத்தலை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நடந்தவன் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. குடிகாரன் எண்டு நினைச்சதே மரியாதையா இருந்தது எண்டு அவ சொன்னாலும் சொல்லுவா.

முதல்ல கண்ணாடி வீடுகளுக்குள்ள போனம். வெளிய எட்டுப் பாகை குளிர். கதவைத் திறக்க, என்ர மூக்குக் கண்ணாடி புகைச்சுப் போச்சு. கண் தெரியேல்லை, மணம்தான் முதல்ல வந்தது. மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச பின்னேரம் எங்கட கிணத்தடி எப்பிடி மணக்கும், அப்பிடி. கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்த்தால் முன்னால ஒரு வாழை. அதுக்கு ஹீற்றர் போட்டு, லத்தீனில பேர்ப்பலகை வைச்சிருக்கு. ஒரு வயசான ஜேர்மன் சோடி அந்தப் பலகையைக் கைகட்டி நிண்டு வாசிக்கினம். எங்கட கக்கூசடி வாழைக்கு ஒருநாளும் ஆரும் இப்பிடிக் கைகட்டி நிண்டதில்லை. மனுசி பத்து நிமிசத்துக்குப் பிறகு வந்து, "வெளிய வாங்கோ, சூடு காய வந்தனீங்களோ" எண்டு கேட்டா. ஓம், அதுக்குத்தான் வந்தனான்.

வெளிய மக்னோலியாத் தோட்டம். வசந்தம் வந்தால் இந்தப் பூவைப் பார்க்கவெண்டே சனம் அள்ளுப்படும். இலை வர முன்னம் மரம் முழுக்கப் பூ, கிண்ணம் கிண்ணமா. மக்னோலியா எங்கட சண்பகத்தின்ர நெருங்கின சொந்தம். ஆனால் சண்பகம் தெருமுனைக்கு வரமுன்னமே மணத்தால ஆளைக் கூப்பிடும். இது அழகாத்தான் இருக்கு, மணம் அந்தளவுக்கு இல்லை. நான் இப்பிடிச் சொன்னால் மனுசிக்குக் கோவம் வரும். "உங்களுக்கு இஞ்ச ஒண்டும் பிடிக்காது, ஊருக்குப் போனால் அங்கயும் ஒண்டும் பிடிக்காது." உண்மைதான்.

மீன்காட்சியில வந்த வெக்கத்தைச் சொல்லவேணும். இருட்டான மண்டபம், நீல வெளிச்சம், சனம் கோயிலுக்குள்ள நிக்கிறமாதிரி மெல்லமாக் கதைக்குது. பவளப்பாறைத் தொட்டிக்கு முன்னால நான் நிண்டு, "இது ஓரா மாதிரி இருக்கு, சொதி வைச்சால் திறம்" எண்டு சாதாரணமாச் சொன்னன். தமிழில சொன்னனான், ஆருக்கு விளங்கும் எண்டு. மூத்தவன் அதை உடனே ஜேர்மனில மொழிபெயர்த்துத் தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டான், நல்ல சத்தமா. பக்கத்தில நிண்ட ஒரு பெண் தன்ர பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி இழுத்தா. அதுக்குப் பிறகு உப்புத்தண்ணி முதலை நிக்கிற மண்டபத்துக்குப் போகேக்க நான் வாயே திறக்கேல்லை.

ஆனால் வெளிய வந்த பிறகு மூத்தவன் கேட்டான்: "அப்பா, திருகோணமலையில ஸூ இருக்கா?" நான் விட்டனோ? புறாமலைக்குப் போனால் பவளப்பாறையும் குட்டிச் சுறாவும் இடுப்பளவு தண்ணியில நிக்கும், தொட்டி தேவையில்லை எண்டன். மே, ஜூன் மாதத்தில நீலத்திமிங்கிலம் வரும், உலகத்திலயே பெரிய உயிர், அதுக்கு எந்த ஜேர்மன்காரன் தொட்டி கட்டுவான் எண்டு கேட்டன். துறைமுக வாசலுக்குக் கிட்டவே கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு கிடக்கு, அந்த ஆழத்தாலதான் அது கரைக்கு இவ்வளவு கிட்ட வருது எண்டு விளக்கம் வேற. நெக்கார் ஆத்தில ஒரு சரக்குப் படகு போக, சின்னவள் "கப்பல்!" எண்டு கத்தினாள். ஸ்ருட்காட்டுக்கும் 1958-ல இருந்து ஒரு துறைமுகம் இருக்குத்தான், அக்கா. அதைத் துறைமுகம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எங்கட அப்பா வேலை செய்த துறைமுகத்தில நிக்கிற கப்பலின்ர நங்கூரமே இதைவிடப் பெரிசு எண்டு அளந்துவிட்டன்.

"மான் இருக்கா?"

மான் பஸ் ஸ்டாண்டிலயே நிக்கும், கோட்டை வாசலில நிக்கும், கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கையில இருக்கிற வாழைப்பழத்தைப் பறிக்கும், சீட்டும் இல்லை வேலியும் இல்லை எண்டு சொன்னன். பெடியன் வாயைப் பிளந்திட்டான். பிறகு, "என்ன சாப்பிடும்?" எண்டு கேட்டான். அதில பேச்சு நிண்டு போச்சு. போன முறை வந்தபோது நான் பார்த்தது, ஒரு புள்ளிமான் சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் சீட்டைக் குழம்போட சேர்த்து மென்று விழுங்கினது. பக்கத்தில நாலஞ்சு தண்ணிப் போத்தல், ஒருத்தருக்கும் தேவையில்லாமல். வெளிநாட்டில இருந்து வந்து குப்பையைப் பற்றிக் கதைக்கிறவனை ஊரில எப்பிடிப் பார்ப்பினம் எண்டு எனக்குத் தெரியும், நானும் முந்தி அப்பிடித்தான் பார்த்தனான். எண்டாலும் சொல்லுறன். அந்தப் போத்தல் ஒவ்வொண்டுக்கும் ஒரு இருபது ரூபா திரும்பக் கிடைக்குமெண்டால் அண்டைக்கு அங்க ஒண்டும் கிடந்திருக்காது. நானே பொறுக்கியிருப்பன்.

இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்காதேங்கோ. நான் உண்மையாவே பொறுக்கினவன், அக்கா. 1996-ல வந்து முகாமில இருந்த காலம், வேலை செய்ய அனுமதி இல்லை. ஹோட்டலில வேலை எண்டு உங்களுக்கு எழுதினன். சனிக்கிழமை இரவில கால்பந்தாட்டம் முடிஞ்சு சனம் கலைஞ்ச பிறகு நானும் இன்னொரு பெடியனும் பையோட வெளிக்கிடுவம். பியர் போத்தல் ஒண்டுக்கு 15 பெனிக். ரெலிபோன் காட் 12 மார்க், அதாவது 80 போத்தல். நீங்கள் கொமினிக்கேசன் கடையில வந்து காத்து நிண்டு கதைப்பீங்களே, அந்தக் கதை முழுக்கப் போத்தல்தான். ஒருநாள் நான் எடுக்க, "அம்மா கோயிலுக்குப் போட்டா, கொஞ்சம் பொறு, கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு ரிசீவரை மேசையில வைச்சிட்டுப் போனீங்கள். மேசைக்குப் பக்கத்தில ஆரோ ஒருத்தர் இருமிக்கொண்டே இருந்தார். அம்மா வந்து "தம்பி" எண்டு சொல்ல காட் முடிஞ்சது. 80 போத்தலுக்கும் அந்தாளின்ர இருமலைத்தான் கேட்டன். இப்ப என்னட்டக் காசு இருக்கு, வேலை இருக்கு, சிவத்தப் பாஸ்போட் இருக்கு. ஆனால் போத்தலைத் தொட்டிக்குள்ள போட மட்டும் கை போகுதில்லை.

இனி அம்மாவுக்கு வாசிக்கலாம்.

மனிதக் குரங்குகளின்ர வீட்டிலதான் விபத்து நடந்தது. 2013-ல திறந்த புது வீடு, கொரில்லாவும் பொனபோவும் இருக்கு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய ஆண் கொரில்லா குந்திக்கொண்டு எங்களைப் பார்க்குது, அப்பா பேப்பருக்கு மேலால பார்க்கிறமாதிரி. நான் சின்னவளைத் தூக்கிக் காட்டப் போத்தலை மூத்தவனிட்டக் குடுத்தன். திரும்பிப் பார்த்தால் போத்தல் அப்பளம். அவன் அதுக்கு மேல ஏறிக் குதிச்சிருக்கிறான். நான் என்ன செய்யிறது? வாயை வைச்சு ஊதினன். ஒரு பக்கம் நிமிர்ந்தது, மற்றப் பக்கம் "டக்" எண்டு உள்ள போச்சு. திரும்ப ஊதினன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கன்னம் பலூன் மாதிரி. கொரில்லாவைப் பார்த்துக்கொண்டு நிண்ட சனம் மெல்ல மெல்ல என்ர பக்கம் திரும்பிச்சு. ஒரு சின்னப் பெடியன் என்னைக் கையால காட்டித் தாயிட்ட ஏதோ கேட்டான். கொரில்லாவும் கிட்ட வந்து கண்ணாடியில முட்டிக்கொண்டு பார்த்தது. அண்டைக்கு அந்த வீட்டில கூட்டம் சேர்த்தவன் நான்தான்.

சிரிக்காதேங்கோ, இது புதுசில்லை. 1880களில ஹம்பேர்க் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், இலங்கையில இருந்து யானையோட சேர்த்துச் சனத்தையும் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து, ஊர் ஊரா இஞ்ச காட்சிக்கு விட்டவர். சிங்களவரும் இருந்திச்சினம், தமிழரும் இருந்திச்சினம். வெள்ளைக்காரர் சீட்டு வாங்கிப் பார்த்தவை. அவற்ற தம்பிமுறை ஜோன் ஹாகன்பெக்தான் பிறகு தெகிவளையில மிருகங்களைச் சேர்த்து வைச்சவர். அதை 1936-ல அரசாங்கம் எடுத்து மிருகக்காட்சிச்சாலை ஆக்கிச்சு. நாங்கள் சின்ன வயசில சுற்றுலா போய் யானை ஆட்டம் பார்த்த இடம். நான் இஞ்ச சீட்டு வாங்கி உள்ள போயும் கடைசியில காட்சிப் பொருளாத்தான் வந்து நிண்டன்.

வில்ஹெல்மாவின்ர மிருகக் கதை இன்னும் திறம். 1944-ல குண்டு விழுந்து ராசாட கட்டடங்கள் இடிஞ்சு போச்சு. எங்கட துறைமுகத்தில யப்பான்காரன் போட்டு ரெண்டு வருசத்துக்குப் பிறகு. போர் முடிஞ்சு பூந்தோட்டமாத்தான் திரும்பத் திறந்தவை. மிருகத்துக்கு அனுமதி இல்லை. அப்ப பணிப்பாளரா இருந்த அல்பேர்ட் ஷோக்லே எண்டவர் கெட்டிக்காரன். "தற்காலிகக் கண்காட்சி" எண்டு சொல்லி மிருகங்களைக் கொண்டுவாறது, பிறகு அதுகளைத் திருப்பி அனுப்பாமலே விடுறது. மேலிடம் கேட்டால் இழுத்தடிக்கிறது. அப்பிடியே அதுகள் நிரந்தரமாப் போச்சு. எனக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா "தற்காலிகம்" எண்டு முத்திரை குத்திக் குத்தியே பத்து வருசம் போனதை நினைச்சு, திரும்பிப் போகேக்க அந்தக் கொரில்லாவுக்கு ஒரு கும்பிடு போட்டிட்டு வந்தன்.

போத்தல் ரெண்டு இரவு எங்கட குசினி ஜன்னலில நிண்டது. இண்டைக்கு வேலை முடிஞ்சு கொண்டுபோனன். எனக்குப் பின்னால எட்டுப் பேர், ஒவ்வொருத்தர் கையிலயும் சாக்கு நிறையப் போத்தல். என்ர கையில ஒண்டு. மிசின் உருட்டிப் பார்த்திட்டுத் துப்பிச்சு. லேபிளைத் துப்பல் தொட்டு ஒட்டித் திரும்ப வைச்சன். துப்பிச்சு. அடிப்பக்கமா வைச்சன். துப்பிச்சு. பின்னால நிண்ட கிழவி பெருமூச்சு விட்டா. அவ என்ர போத்தலை வாங்கி, தன்ர சட்டையில துடைச்சு, உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டி வைச்சா. மிசின் விழுங்கிச்சு. 0.25 எண்டு அடிச்ச ஒரு துண்டு வந்தது. அதைக் காசாளரிட்டக் குடுத்தால்தான் காசு தருவினம். நான் குடுக்கேல்லை. அம்மாவுக்குச் சாட்சியா இந்தக் கடிதத்தோட வைச்சிருக்கிறன். முத்திரைக் காசு அதைவிடக் கனக்கக் கூட, மனுசிக்கு இன்னும் தெரியாது.

துண்டை அம்மாவுக்கு இப்பிடி விளங்கப்படுத்துங்கோ. கண்ணாடிப் பியர் போத்தலெண்டால் 8 சதம்தான் வரும். இதில 25 சதம் இருக்கு, அப்ப இது பியர் போத்தல் இல்லை. பேணியில வாற பியருக்கும் 25 சதம்தான், அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. உள்ள என்ன இருந்தது எண்டு அவ கேட்டால், "தண்ணி" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ, வேற மாதிரி விளங்குவா. "குடிக்கிற தண்ணி" எண்டால் இன்னும் மோசம். கிணத்துத் தண்ணி எண்டு சொல்லுங்கோ.

உங்கள் தம்பி